முசிறியில் எந்தப் பேரரசு இருந்தது?

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் தமிழ் மன்றத்தார் நடத்திய விவாத அரங்குக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ‘உலகிற்கு அமைதியையும் வாணிக வளத்தையும் தந்தவை பேரரசுகளே’ என்பது பொருள். இத்தகைய அரங்குகளிலே பொருளைத் தெரிவு செய்பவர் ஆசிரியர், பேசுவோர் மாணவர், பழியைச் சுமப்பவர் நடுவர். அன்று எனக்குப் பழி எதுவும் வந்து சேரவில்லை. பேரரசின் பக்கம் பேசிய மூன்று இளைஞரும் உரோமரையும் மொங்கோலியரையும் பிரித்தானியரையும் வரிசையாக நிறுத்தி, கடற்கொள்ளையர் ஒழிந்ததையும் பெருவழிகள் நீண்டதையும் புகைவண்டி மலையேறியதையும் அழகாக எடுத்துரைத்தனர். எதிரணியினர் சிந்திய இரத்தத்தைப் பற்றிப் பேசினர். ஆயின் கண்ணீரைக் காட்டினரேயன்றிக் கணக்கைக் காட்டவில்லை. நான் பேரரசுக்கே தீர்ப்பளித்தேன். கைதட்டல் எழுந்தது, தேநீரும் வந்தது.

தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது எதிரணியிற் கடைசியாகப் பேசிய மாணவி என்னருகே வந்து நின்றாள். மணி அடித்துவிட்டதாற் சொல்ல முடியாமற் போன ஒன்று தன்னிடம் உண்டென்றாள். “உரோமாபுரிக் கப்பல் முசிறிக்கு வந்ததெண்டு அவையள் சொன்னவை. அப்ப முசிறியிலை எந்தப் பேரரசு இருந்தது, சேர்?”

நான் சிரித்தேன். நல்ல கேள்வி, அடுத்த முறை இதையே முதலிற் கேள் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நடுவருக்குரிய பெருந்தன்மை அது என்று அப்போது எண்ணிக்கொண்டேன். வீடு திரும்பும் பஸ் வண்டியிலே, அது விடை தெரியாதவன் கையாளும் தந்திரம் என்பது எனக்கே விளங்கிற்று. அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், வென்ற அணியின் பக்கமிருந்த உண்மையை மறைக்காமற் சொல்லவேண்டும். நம்முடைய இலக்கிய வட்டங்களிற் சிலருக்குப் பேரரசு என்ற சொல்லைக் கேட்டவுடன் கோபம் வருகிறது. கோபம் வந்தவுடன் வரலாறு முடிந்துவிடுகிறது. உரோமர் தந்த அமைதி வெறும் புனைந்துரையன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மத்தியதரைக்கடல் கள்வரின் கடலாகவே இருந்தது. சின்ன ஆசியாவின் தென்கரையிலுள்ள சிலிசியாவை இருப்பிடமாகக் கொண்ட கொள்ளையர் பொருளை மட்டுமன்றி ஆட்களையும் கவர்ந்து விற்றனர். இளைஞனாயிருந்த யூலியஸ் சீசரே கி.மு. 75ஆம் ஆண்டளவில் அவர்கள் கையில் அகப்பட்டு, மீட்புப்பணம் கொடுத்து விடுபட்டவன். 20 தாலந்து கேட்ட கள்வரை நோக்கி, தன் மதிப்பை அறியாமற் குறைத்துக் கேட்கின்றனர் என்று நகைத்து 50 தாலந்தாக உயர்த்தினான் எனப் புளூட்டாக் எழுதுகிறார். விடுபட்டதும் கப்பல் திரட்டி வந்து அவர்களைப் பிடித்துச் சிலுவையில் அறைவித்தான். உரோமாபுரிக்குத் தானியம் வருவதே தடைப்பட்ட நிலையில், கி.மு. 67இல் பொம்பே என்னும் தளபதிக்கு அளவிறந்த அதிகாரம் வழங்கப்பட்டது. மூன்று மாதங்களுக்குள் அவன் அந்தக் கடலைத் துடைத்துவிட்டான்.

பின்னர் உள்நாட்டுப் போர்கள், கி.மு. 31இல் அக்றியம் கடற்போர். அடுத்த ஆண்டில் எகிப்து உரோமரின் உடைமையாயிற்று. கி.மு. 27இல் ஒகஸ்தஸ் என்னும் பட்டத்தைப் பெற்றவன் காலத்திலே, போர் நடக்கும்போது திறந்தும் அமைதி நிலவும்போது மூடியும் வைக்கப்படும் யானுஸ் கோயிற் கதவு மும்முறை மூடப்பட்டது. நகரந் தோன்றிய நாள்முதல் அதற்கு முன் இருமுறையே அக்கதவு மூடப்பட்டிருந்ததென அவனே பெருமையுடன் எழுதிவைத்தான். கி.மு. 9இல் அமைதித் தெய்வத்துக்குப் பலிபீடமும் எடுத்தனர். அப்பீடம் நின்ற இடம் போர்த்தெய்வத்தின் பெயரால் வழங்கிய வெளி என்பதை, குறும்புக்காக அன்று, இடக்குறிப்பாகவே சொல்லி வைக்கிறேன்.

வாணிகத்துக்கு இதனால் விளைந்த பயன் யாது? எகிப்து கைமாறிச் சில ஆண்டுகளுக்குள் அங்கு சென்ற புவியியலாளர் ஸ்திராபோ, தாலமி மரபினர் ஆண்ட காலத்தில் 20 கப்பல்கள்கூடச் செங்கடலைக் கடந்து வெளியே எட்டிப்பார்க்கத் துணிந்ததில்லை என்றும், தாம் சென்றபோது மயோஸ் ஹோமஸ் என்னும் ஒரு துறையிலிருந்து மட்டும் 120 கப்பல்கள் இந்தியாவை நோக்கிப் பாய்விரித்தன என்றும் குறிப்பிடுகிறார். உரோமாபுரியில் மொன்றே தெஸ்தாச்சியோ என்றொரு குன்று இன்றும் இருக்கிறது. அது இயற்கைக் குன்றன்று. பெரும்பாலும் தென் ஸ்பானியாவிலிருந்து ஒலிவெண்ணெய் வந்த சாடிகளை உடைத்து அடுக்கியதனால் எழுந்தது. உயரம் ஏறத்தாழ 35 மீற்றர். ஒரு நகரம் எண்ணெய் உண்டு எறிந்த ஓடு மலையாகி நிற்கிறது! மத்தியதரைக்கடலின் அடியிற் கண்டறியப்பட்ட பழங்காலக் கப்பற் சிதைவுகளை ஏ. ஜே. பார்க்கர் 1992இல் அட்டவணைப்படுத்தியபோது, அவை கிறித்துவுக்கு முன்னும் பின்னுமாகிய இரு நூற்றாண்டுகளிலேயே மிகச் செறிந்திருந்தமை தெரிந்தது. ஸ்பானியச் சுரங்கங்களில் வெள்ளி உருக்கியபோது எழுந்த ஈயப்புகை கிறீன்லாந்தின் பனிப்படைகளிற் படிந்து கிடப்பதை 2018இல் வெளியான ஆராய்ச்சி ஆண்டுவாரியாக அளந்து காட்டியது. அமைதிக் காலமெனப்படும் முதலிரு நூற்றாண்டுகளில் அப்படிவு உயர்ந்தே இருக்கிறது. கடலும் மலையும் பனியும் ஒரே சாட்சியைச் சொல்லும்போது, சாட்சிக்காரரைக் கடிந்து பயனில்லை.

ஆகவே அமைதி இருந்தது, வாணிகமும் பெருகியது. அந்த இளைஞர்கள் பொய் சொல்லவில்லை.

இனி அந்த அமைதி எவ்வாறு ஆயிற்று என்பதைப் பார்ப்போம். கடற்கொள்ளையர் பல்லாண்டு காலம் தழைத்தது எதனால்? ஈஜியன் கடலிலுள்ள டீலோஸ் தீவின் சந்தை, ஒரே நாளிற் பதினாயிரம் அடிமைகளை ஏற்று விற்று அனுப்ப வல்லதாயிருந்ததென அதே ஸ்திராபோ எழுதுகிறார். கள்வர் கொண்டுவந்து இறக்கிய மனிதரை வாங்கியவர்கள் உரோமரின் செல்வக் குடிகள். வாங்குபவன் இருக்கும்வரை விற்பவன் ஒழிவதில்லை. கள்வரின் கை உரோமாபுரியின் தானியக் கப்பலைத் தீண்டிய பின்னரே கடலைத் துடைக்கவேண்டுமென்ற ஞானம் பிறந்தது. துடைத்த பின்னும் அடிமைச் சந்தை வற்றிவிடவில்லை. சரக்கு வேறு வழியால் வந்தது. காலியா நாட்டிற் சீசர் நடத்திய எட்டாண்டுப் போரில் பத்து இலட்சம் பேர் மடிந்தனர், மேலும் பத்து இலட்சம் பேர் சிறைபிடிக்கப்பட்டனர் என்பது புளூட்டாக் தரும் தொகை. எண் மிகையாயிருக்கலாம். மிகையைக் கழித்தாலும் எஞ்சுவது சிறிதன்று. கி.பி. 70இல் எருசலேம் எரிந்தது. 106இல் தாசியா நாடு விழுங்கப்பட்டது. 132 முதல் 135 வரை யூதேயாவில் நடந்த கிளர்ச்சியில் 5,80,000 பேர் வாளுக்கு இரையாயினர் எனக் காசியஸ் தியோ கணக்கிடுகிறார். இவையெல்லாம் பெரும்பாலும் யானுஸ் கோயிலுக்கு நெடுந்தொலைவில் நடந்தவை. நடுவீட்டில் இருப்பவன் மழை விட்டது என்கிறான். தாழ்வாரத்தில் இருப்பவன் நனைந்துகொண்டிருக்கிறான்.

இதனை உரோமரே உணராமல் இல்லை. தசித்தஸ் என்னும் வரலாற்றாசிரியர், பிரித்தானியத் தீவை அடக்கிய அகிரிக்கோலாவின் மருமகன். மாமனாரின் புகழைப் பாடவே நூல் செய்தவர். அந்நூலிலே மாமனாரை எதிர்த்து நின்ற கல்ககஸ் என்னும் தலைவனுக்கு ஒரு வீரவுரையைப் படைத்துக் கொடுத்து, சமாதானம் என்னும் உரோமச் சொல்லின் பொருளையே அவன் வாயாற் கேள்விக்குள்ளாக்குகிறார். மாமனாரின் பகைவனுக்கு இத்தனை நல்ல தமிழ், மன்னிக்கவும், இத்தனை நல்ல இலத்தீன் கொடுத்த மருமகனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எனினும் இரத்தக் கணக்கு மட்டும் போதாதென்று அன்று எதிரணியைக் குறைகூறியவன் நானே. ஆதலாற் பணக்கணக்குக்கு வருகிறேன். எகிப்தின் நைல் நதிக்கரையிலுள்ள கொப்தோஸ் என்ற ஊரிலே கி.பி. 90இல் நாட்டிய கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. நைல் நதிக்கும் செங்கடலுக்கும் இடைப்பட்ட பாலைவழியைப் பயன்படுத்துவோர் செலுத்தவேண்டிய கட்டண அட்டவணை அது. கப்பலின் பாய்மரத்துக்கு 20 திராக்மா. படைவீரரின் மனைவியருக்கு 20. உடலை விற்றுப் பிழைக்கும் பெண்களுக்கு 108. பிணத்தை அடக்கஞ் செய்யக் கொண்டுபோவோரும் தப்பவில்லை. அவர்களுக்கும் ஒரு சிறுதொகை விதிக்கப்பட்டிருக்கிறது. பாலைவழியிலே காவற்கோட்டைகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, வீரர்கள் இருந்தனர், உண்மையே. அந்த அமைதிக்கு விலைப்பட்டியலும் இருந்தது.

இதனினும் தெளிவான சான்று இன்று வியன்னாவில் உள்ள ஒரு பப்பிரசு ஏடு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு 1985இல் அச்சில் வெளிவந்தபோது நம்முடைய நாட்டிலும் அறிஞர் சிலர் அதைப்பற்றி வியப்புடன் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. ஏட்டின் ஒரு பக்கத்திலே, முசிறியோடு தொடர்புடைய கடன் உடன்படிக்கை. கடன் பெற்ற வணிகன், செங்கடற்றுறையில் இறங்கும் சரக்கை நம்பிக்கைக்குரிய ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்து, பாலைவழியே காவலுடன் கொப்தோசிலுள்ள அரச வரிப் பண்டசாலைக்குக் கொண்டுசெல்வதாகவும், அங்கிருந்து ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவின் வரிப் பண்டசாலைக்குச் சேர்ப்பதாகவும் ஒப்புக்கொள்கிறான். மறுபக்கத்திலே ஹெர்மப்பொலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. கங்கைக்கரை நளதம், யானைத்தந்தம், துணி முதலியவை அதிற் பேசப்படுகின்றன. மொத்த மதிப்பு உரோம நாணயத்தில் ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்தர்ஸ். ஒரே கப்பல்! ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதென்று மூத்த பிளினி பெருமூச்செறிந்ததை நாம் பாடநூல்களிற் படித்திருக்கிறோம். அந்தப் பெருமூச்சு எங்கிருந்து வந்ததென்பதை இவ்வேட்டைக் கண்டபின்னரே விளங்கிக்கொண்டேன்.

வாசகர் கவனிக்க வேண்டியது அடுத்த வரவு. கீழ்த்திசையிலிருந்து வரும் சரக்குக்கு உரோம அரசு விதித்த சுங்கம் நாலில் ஒரு பங்கு. 70 இலட்சத்திற் கால்பங்கு என்றால், குறைத்து மதிப்பிட்டாலும் 15 இலட்சத்துக்கு மேல். அக்காலத்தில் உரோமக் காலாள் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்தர்ஸ். முசிறியிலிருந்து வந்த ஒரு கப்பலின் தீர்வை ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரருக்கு ஓராண்டுச் சம்பளமாகும். படை வழியைக் காக்கிறது. வழி சுங்கத்தைத் தருகிறது. சுங்கம் படைக்குச் சோறிடுகிறது. பேரரசு வணிகனுக்குச் செய்தது தருமமன்று, தொழில். அதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் தொழிலைத் தருமம் என்று மேடையிற் சொல்லும்போது நடுவராயிருப்பவன் சற்றே இருமியிருக்க வேண்டும். நான் இருமவில்லை.

இப்போது முசிறிக்கு வருவோம். செங்கடலின் வாயைக் கடந்த பிறகு உரோமின் படையும் இல்லை, சட்டமும் இல்லை. மறுகரையில் என்ன இருந்தது? அசோகன் தன் கல்வெட்டுக்களிற் சோழரையும் பாண்டியரையும் சதியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் தன் ஆள்புலத்துக்கு அப்பாற்பட்டோராகவே குறித்தான். மோரியப் பேரரசின் காலத்திலும் அதன் வெளியே நின்ற நாடு அது. உரோமக் கப்பல்கள் வந்த நாளிலும் மூவேந்தரும் வேளிரும் ஓயாது பொருதுகொண்டிருந்தனர். சங்கப் பாடல்களிற் பல அந்தப் போர்களின் பாட்டு.

அகநானூற்றின் 149ஆம் பாட்டை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடினார். யவனரின் கலங்கள் பேராற்று நுரை கலங்கப் பொன்னோடு வந்து மிளகோடு மீள்வதை அப்பாட்டிலிருந்தே நாமெல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். மேற்கோளை அங்கேயே நிறுத்தியும் விடுகிறோம். அடுத்துவரும் அடிகளிற் புலவர் சொல்வது யாது? அதே முசிறியைப் பாண்டியன் ஆரவாரம் எழ வளைத்துக்கொண்டு, பொருது வென்று, அங்கிருந்த படிமத்தைக் கவர்ந்து சென்ற செய்தி. பொன்னும் மிளகும் கைமாறும் துறையும், யானைப்படை வளைத்த துறையும் ஒன்றே. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லப் புலவருக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. பல ஆண்டுகளாக இப்பாட்டைப் பாடஞ் சொல்லிய நான், முதற்பகுதியை வாணிகத்துக்கும் பிற்பகுதியை வீரத்துக்குமாகப் பிரித்துக் கற்பித்தேனேயன்றி, இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை என்பதன் பொருளை எண்ணிப் பார்த்ததில்லை. அந்தப் பெண் எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

உரோமர் பக்கத்துச் சாட்சியும் இதனோடு ஒக்கிறது. முசிறி விரும்பத்தக்க துறையன்று என்கிறார் பிளினி. அயலிலே கடற்கொள்ளையர் உண்டு. கப்பல் நிற்குமிடம் கரையிலிருந்து தொலைவு. சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்கவேண்டும் என்பன அவர் கூறும் காரணங்கள். கொள்ளையருக்கு அஞ்சிக் கப்பல்களில் வில்வீரர் அணியை ஏற்றிச் சென்றதையும் அவரே சொல்கிறார். புறநானூற்றின் 343ஆம் பாட்டிலே பரணர், கலங்கள் தந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்ப்பதைக் காட்டுகிறார். ஒருவரையொருவர் அறியாத இலத்தீன் ஆசிரியரும் தமிழ்ப் புலவரும் ஒரே தோணியைப் பார்த்திருக்கின்றனர். ஒருவர் அதைத் தொல்லையாகக் கண்டார். மற்றவர் அதை வளமாகக் கண்டார். அத்தனை தொல்லையையும் கொள்ளையரையும் போரையும் கடந்தே கப்பல்கள் ஆண்டுதோறும் வந்தன. பேரரசின் அமைதி முடிந்த இடத்திலிருந்து நெடுங் கடற்பயணத்துக்கு அப்பால் அந்தச் சந்தை கூடியது. பருவக்காற்றுக்கு அரசன் கிடையாது.

நம்மவர் கரையில் நின்று வரவேற்றதோடு அமைந்துவிடவில்லை. ஸ்திராபோ கண்ட மயோஸ் ஹோமஸ் துறை இருந்த குசெயிர் அல்-காதிம் என்னுமிடத்தில், கணன், சாதன் என்னும் ஆட்பெயர்கள் தமிழ்ப் பிராமியிற் பொறித்த ஓடுகள் கிடைத்தன. இன்னோர் ஓட்டிலே பானை உறியைக் குறிக்கும் சொல் காணப்படுகிறது. உறி! பால் தயிர் தூக்கும் உறி. பெரெனிக்கே துறையிலே, 1999இல், இந்தியாவிற் செய்த பெருஞ்சாடி ஒன்றினுள் 7 கிலோவுக்கு மேற்பட்ட மிளகு அப்படியே இருக்கக் கண்டெடுத்தனர். சாதனும் கணனும் எந்தப் பேரரசனின் கொடியின் கீழ் அங்கே போயினர்? அவர்களுக்குக் காற்றைத் தெரியும், கணக்கைத் தெரியும், மறுகரையிற் சொல் தவறாத ஆளையும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே எதிர்த்தரப்பு எழுந்து ஒன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உரோமிலே செல்வம் குவியாதிருந்தால் மிளகை வாங்குவோர் யார்? கொங்குநாட்டிற் புதையலாகக் கிடைக்கும் ஒகஸ்தஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் எங்கிருந்து வந்திருக்கும்? நியாயமான கேள்வி. எகிப்து உரோமர் கைக்கு வந்த பின் கப்பல் பெருகியது என்பதை நான் முன்னரே ஒப்புக்கொண்டேன். பேரரசு இந்த வாணிகத்தைப் பெருக்கியது, பிறப்பிக்கவில்லை. அதன் உதவியின்றி வாணிகம் சிறிதாயிருந்திருக்கும், இல்லாதிருந்திராது. இந்த வேறுபாட்டையே அன்றைய விவாதப் பொருளின் கடைசி எழுத்து மறைத்துவிட்டது. ‘தந்தவை பேரரசுகளே’ என்றால் அது பிரிநிலை ஏகாரம். வேறெதுவும் தரவில்லை என்பது அதன் பொருள். எட்டாம் வகுப்பிலே இடைச்சொல் கற்பிக்கும் நான் அந்த ஏகாரத்தைக் கவனியாமலே தீர்ப்பு வழங்கினேன். ‘பேரரசுகளும்’ என்று பொருள் அமைந்திருந்தால் என் தீர்ப்பை இன்றும் காப்பாற்றுவேன்.

நம்முடைய தீவின் மண்ணும் இதற்குச் சாட்சி. இங்கு கிடைத்த உரோம நாணயங்களிற் பெரும்பாலானவை ஒகஸ்தஸ் காலத்தவை அல்ல, கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக்காசுகள். அவற்றைப் பார்த்து இங்கேயே வார்த்த போலிக்காசுகளும் ஏராளம். அந்தக் காலம் எது? 410இல் உரோமாபுரி கொத்தியராற் சூறையாடப்பட்டு, 476இல் மேற்குப் பேரரசு மறைந்த காலம். ஆறாம் நூற்றாண்டிற் கொஸ்மஸ் என்னும் கிரேக்க வணிகத் துறவி, இத்தீவு பாரசீகத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியக் கரையெங்கணுமிருந்தும் கப்பல்கள் வந்து கூடும் நடுச்சந்தை என்று எழுதினார். ஈழத்து வேந்தன் முன்னிலையில் உரோம வணிகனும் பாரசீகனும் தத்தம் மன்னரே பெரியவர் என வாதிட, உரோமன் இருவர் காசையும் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி வென்ற கதையும் அவர் சொன்னதே. அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னர், குளோதியஸ் காலத்திற் காற்றால் அலைப்புண்டு இங்கு வந்துசேர்ந்த உரோமன் ஒருவனின் காசுகளைப் பார்த்த அரசன், முகங்கள் வெவ்வேறாயினும் நிறை ஒன்றாயிருத்தலைக் கண்டு வியந்தான் எனப் பிளினி எழுதுகிறார். இரு கதைகளிலும் நம் அரசர் படையை எண்ணவில்லை, காசை நிறுத்தனர். ஓரளவு கதையாகவே இருக்கட்டும். வணிகர் நாவிற் பிறந்த கதை வணிகரின் நெஞ்சைக் காட்டும்.

மொங்கோலியரைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. கருங்கடற் பக்கத்துத் தானாவிலிருந்து சீனம் வரை இரவிலும் பகலிலும் அச்சமின்றிச் செல்லலாமென்று புளோரன்ஸ் நகரத்துப் பெகலொத்தி 1340ஆம் ஆண்டளவில் வணிகருக்கு வழிகாட்டி எழுதினார். அவ்வழியில் இருக்கும் ஊர்களுக்கு அந்த அமைதி வருமுன் வந்தது எது என்பதை 1258இல் அழிந்த பக்தாத்தின் பெயரே சொல்லும். கட்டின்றித் திறந்த வழியில் வணிகன் மட்டும் நடப்பதில்லை. உரோமரின் கீழைப்படை 165ஆம் ஆண்டளவில் மெசொப்பொத்தேமியாவிலிருந்து கொள்ளைநோயைக் கொண்டுவந்து பேரரசெங்கும் பரப்பியது. நான் முற்கூறிய கிறீன்லாந்துப் பனியிலும் அதன்பின் ஈயப்படிவு தாழ்கிறது. 1346இற் கருங்கடற்கரைக் காபா நகரை மொங்கோலியர் முற்றுகையிட்ட காலத்து நோய், அடுத்த ஆண்டு சிசிலித் துறையில் இறங்கிற்று.

போர்த்துக்கேயர் 1498இற் கோழிக்கோட்டுக்கு வந்தபோது இந்துசமுத்திரத்தில் அரபியரும் குஜராத்தியரும் தமிழரும் மலாயரும் எவனுடைய அனுமதியுமின்றிக் கலஞ் செலுத்திக்கொண்டிருந்தனர். வந்தவர் கர்த்தாஸ் என்னும் கடவுச்சீட்டை விற்கலாயினர். சீட்டில்லாத கப்பலைச் சிறைபிடிப்பவர் சீட்டு விற்றவரே. ஆபத்தும் காவலும் ஒரே கடையில்! பேரரசு தரும் அமைதியைப் பற்றி மாணவருக்குச் சொல்லும்போது, உரோமரின் கடலையும் இந்தச் சீட்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டுமென்று இப்போது நினைக்கிறேன்.

இனி அந்தப் புகைவண்டி. 1867இற் கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை திறந்ததை அவ்விளைஞர் ஆர்வத்துடன் வருணித்தார். அவருக்கு முன்வரிசையில் இருந்து நானும் தலையசைத்தேன். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த கோப்பித்தோட்டத் தொழிலாளரின் கால்கள், அப்பாதை போடுமுன்னரே மலையேறியிருந்தன. வழியில் வாந்திபேதியால் விழுந்தவர் பலர். ஏறியவர்களின் மக்களும் பேரரும் 1948இல், பேரரசு விடைபெற்ற அதே ஆண்டிலே, குடியுரிமை இழந்தனர். அந்த இழப்பைப் பேரரசின் தலையில் மட்டும் சுமத்த மாட்டேன். அது நம்மவர் பாராளுமன்றத்திற் செய்த வேலை. ஆனால் ஏற்றுமதிக் கணக்கை மட்டும் படித்தவர்களுக்கு அக்கால்கள் என்றுமே தென்பட்டதில்லை என்பதை அன்றைய அரங்கிலே நானே மெய்ப்பித்தேன்.

மன்றத்தின் பொறுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வென்ற அணியிடமிருந்து கேடயத்தைத் திருப்பி வாங்கும்படி கேட்கவில்லை. அவர்கள் நன்றாகப் பேசினர், அஃது அவர்களிடமே இருக்கட்டும். அகநானூற்றின் 149ஆம் பாட்டை உரையுடனும், முசிறியைப் பற்றிய பிளினியின் பகுதியை என் மொழிபெயர்ப்பிலும் பிரதிசெய்து, அந்த மாணவியிடம் கொடுக்கும்படி இணைத்திருக்கிறேன். அடுத்த தவணையிலும் இதே பொருளையே வைக்கும்படியும், ஏகாரத்தை மட்டும் எடுத்துவிடும்படியும் கேட்டிருக்கிறேன். நடுவராக வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம். நான் பின்வரிசையில் இருந்து கேட்க விரும்புகிறேன்.